இயந்திரத்தின் அடித்தளத்தைத் தேடிய மாணவர்

மாத்தளையில் உயர்தர வகுப்பிலே தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் பயிலும் மாணவர்கள் ‘பணிசெயல் முறைமை’ என்னும் பாடத்தை அறிவர். அதன் இலக்கணத்தை மனனஞ் செய்து ஒப்புவிப்போர் பலர். அதனைத் தம் கையாலேயே ஆக்கிப் பார்க்க விழைவோர் மிகச் சிலர்.

தோட்டப் பகுதியில் வளர்ந்தோர்க்கு இதனை விளக்குதல் எளிது. காலையிற் பெரட்டுக் களத்திலே கணக்கப்பிள்ளை நின்று, இன்னார் இன்ன மலையிற் கொழுந்தெடுக்க, இன்னார் கவ்வாத்து வெட்ட என்று ஆட்களைப் பிரித்து அனுப்புகிறார் அல்லவா? கணினிக்குள்ளும் அத்தகைய கணக்கப்பிள்ளை ஒருவர் உளர். எந்தச் செய்நிரலுக்கு எவ்வளவு நேரம், நினைவகத்தில் எவ்வளவு இடம், தட்டிலே எழுதும் உரிமை எவருக்கு என்பனவற்றை வகுப்பவர் அவரே. தோட்டத்திற் பெரட்டு நாளுக்கு ஒருமுறை. இங்கோ ஒரே நொடியில் நூற்றுக்கணக்கான முறை!

இந்தக் கணக்கப்பிள்ளையைத் தாமே படைக்கத் துணிந்தவர்களுள் ஒருவர் லினஸ் டோர்வால்ட்ஸ். பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி நகரில் 1969ஆம் ஆண்டு பிறந்தவர். புள்ளிவிபரவியற் பேராசிரியரான அவருடைய பாட்டனார், கொமடோர் விக்-20 என்னும் சிறு கணினியொன்றை வாங்கினார். அப்போது சிறுவனுக்கு வயது பதினொன்று அளவில் இருக்கும். கையேட்டைப் படித்துப் படித்தே செய்நிரல் எழுதப் பழகிய பேரன், பின்னர் இயந்திர மொழியிலேயே இறங்கிவிட்டான். அடுத்து வாங்கிய சிங்க்ளேர் கியூஎல் கணினிக்கு நல்ல கருவிகள் கிட்டவில்லை. ஆகவே எழுத்துத் திருத்தும் செய்நிரலையும், இயந்திர மொழிக்கு மாற்றும் செய்நிரலையும் தாமே எழுதிக்கொண்டார். குறைபாடுள்ள கருவியும் சில வேளை நல்லாசிரியனாகிறது போலும்!

பல்கலைக்கழக மாணவராயிருந்த அவர், 1991 ஜனவரியில் இன்டெல் 386 சில்லுள்ள கணினியொன்றைத் தவணைப் பணத்துக்கு வாங்கினார். நெதர்லாந்துப் பேராசிரியர் ஆண்ட்ரூ டானன்பாம் மாணவருக்கென ஆக்கிய மினிக்ஸ் அதில் இயங்கியது. லினஸோ சில்லின் உள்ளியல்பை அறியும் ஆவலால், எதன் துணையுமின்றி நேரே இயங்கும் செய்நிரலொன்றை எழுதலானார். அதில் இரண்டு வேலைகள். ஒன்று திரையில் ‘ஏ’ என்ற ஆங்கில எழுத்தை இடைவிடாது எழுதும். மற்றது ‘பி’ என்ற எழுத்தை எழுதும். சில்லு அவ்விரண்டிற்கும் மாறி மாறி நேரம் பகிர்ந்தளித்ததைத் திரையிற் கண்டார். அந்த எழுத்து வரிசைகளே பின்னர் உலகாண்ட முறைமைக்கு வித்து.

இடையில் ஒரு விபத்து. தொலைபேசி வழியே பல்கலைக்கழகக் கணினியை அழைக்க முனைந்தவர், தொடர்புக் கருவிக்கு அனுப்ப வேண்டிய கட்டளையைத் தவறுதலாக வன்தட்டுக்கு அனுப்பிவிட்டார். மினிக்ஸ் இருந்த பகுதி பழுதாயிற்று. அதனை மீண்டும் நிறுவுவதை விடுத்துத் தம் படைப்பையே முழுமையாக்க முடிவு செய்தார்.

1991 ஆகஸ்ட் 25ஆம் நாள், இது பொழுதுபோக்கு முயற்சியே, பெரிதாக வளராது என்ற அடக்கத்தோடு உலகுக்கு அறிவித்தார். செப்டெம்பரில் வெளியான முதற் பதிப்பு ஏறத்தாழப் பதினாயிரம் வரிகளே. மறு ஆண்டு, டானன்பாம் அவர்களே இதன் அமைப்பு காலாவதியானது எனக் கண்டித்தார். இருபத்திரண்டு வயது மாணவர் பேராசிரியருக்கு முகத்துக்கு நேரே மறுமொழி எழுதினார். சற்றுக் கடுமையாகவே எழுதினார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அதே 1992இல், எவரும் படிக்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறர்க்கும் அவ்வுரிமையோடு வழங்க வேண்டும் என்ற உரிமத்தின் கீழ் அதனை வெளியிட்டார். லினக்ஸ் இன்று மூன்று கோடி வரிகளையுங் கடந்துவிட்டது. அண்ட்ரொயிட் கைபேசியின் உள்ளே இருப்பதும் அதன் கருவே. 2017 நவம்பர் முதல் உலகின் முதல் 500 மீத்திறன் கணினிகள் யாவும் லினக்ஸிலேயே இயங்குகின்றன.

மூன்று கோடி வரி என்றதும் மாணவர் மலைக்க வேண்டா. அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்விநிலையம் பாடத்துக்கென ஆக்கிய ‘எக்ஸ்வி6’ என்னும் சிறு முறைமை, ஒரு விடுமுறைக்குள் படித்து முடிக்கத்தக்கது, விலையின்றியும் கிடைக்கிறது. அதற்கும் முன்பே தொடங்க விரும்புவோர்க்குப் பழைய கணினியொன்று போதும். அத்தகைய கணினி விழித்தெழுந்ததும் தட்டின் முதல் 512 பைட்டுகளையே படிக்கும். அவற்றுள் இறுதி இரண்டும் குறித்த அடையாளத்தைக் கொண்டிருப்பின், எஞ்சிய 510 பைட்டுகளில் எழுதியதை அப்படியே நிறைவேற்றும். அந்தச் சிறு இடத்துக்குள் திரையில் ஓர் எழுத்தைத் தோன்றச் செய்வதே முதற் பயிற்சி.