மூவாப் பெயரும் மூப்புறும் மெய்யும்: தொடர்ப்படத் தலைவன் பற்றிய ஓர் ஆய்வு

ஒரு கதைத்தலைவனைப் பல்லாண்டுகளாகப் பல திரைப்படங்களில் தொடர்ந்து உலவவிடும் வழக்கம் மேலைநாட்டுத் திரையுலகில் வேரூன்றிவிட்ட ஒன்றாகும். தலைவன் அவனே, பெயரும் அதுவே, வீரச்செயல்களும் ஏறக்குறைய அவையே. படந்தோறும் பகைவன் மட்டும் வேறாவான். இத்தகைய படவரிசையை ஈண்டுத் தொடர்ப்படம் எனக் குறிப்போம். நாவலில் வரும் தலைவனுக்கு இல்லாத ஓர் இடர்ப்பாடு தொடர்ப்படத் தலைவனுக்கு உண்டு. நாவலாசிரியர் ஒருவர் தம் தலைவனைப் பற்றி முப்பது ஆண்டுகள் எழுதினும் அவனை முப்பத்தைந்து அகவையிலேயே நிறுத்திவைக்கலாம். ஏட்டில் வாழ்வோனுக்குத் தலை நரைப்பதில்லை. திரையிலோ தலைவனுக்கு ஒரு நடிகரின் மெய் வேண்டும். அம்மெய் ஓடுகிறது, தாவுகிறது, அடிபடுகிறது. ஆண்டுதோறும் முதிரவும் செய்கிறது. ஆகவே தொடர்ப்படத் தலைவனுக்கு அகவை இரண்டு; பெயரின் அகவை ஒன்று, மெய்யின் அகவை மற்றொன்று. இவ்விரண்டும் தம்முள் விலகும்போது படமெடுப்போர் செய்வது யாது, அதனால் கதைக்கு நேர்வது யாது என்பதே இக்கட்டுரையின் ஆராய்ச்சிப் பொருள்.

அவர்கள் மேற்கொள்ளும் வழிகள் பெரும்பாலும் இரண்டே. பெயரை வைத்துக்கொண்டு மெய்யை மாற்றுதல் ஒன்று. மெய்யை வைத்துக்கொண்டு அதன் மூப்பைக் கதைக்குள்ளேயே ஏற்றுக்கொள்ளுதல் மற்றொன்று. முன்னதற்கு ஆங்கில ஒற்றன் ஜேம்ஸ் பாண்டும், பின்னதற்கு அமெரிக்கத் தொல்பொருள் ஆய்வாளன் இந்தியானா ஜோன்ஸும் தக்க சான்றாவர்.

கோவை நூல்களில் கிளவித்தலைவன், பாட்டுடைத்தலைவன் என இருவர் உளர் என்பது தமிழ் பயில்வார் அறிந்ததே. காதல் நிகழ்ச்சிக்கு உரியவன் கிளவித்தலைவன், அவனுக்குப் பெயரில்லை. பெயரும் ஊரும் புகழும் உடையவன் பாட்டுடைத்தலைவன். திரைப்படத்திலும் கதைக்குள் செயல்புரிவோன் ஒருவன், அவனாக நின்று புகழ்கொள்ளும் நடிகர் மற்றொருவர் என இருவரைக் காணலாம். இவ்வொப்புமை முற்றும் பொருந்துவதன்று. கிளவித்தலைவனுக்கு இல்லாத பெயர் பாண்டுக்கு உண்டு, அப்பெயரே அவன் முதலும் ஆகும். எனினும் இருவரையும் பிரித்துணர இது துணைசெய்யும். கோவையில் இருவரும் ஒருபோதும் ஒருவராவதில்லை. திரையிலோ சிலபோது பிரிக்கவொண்ணாதபடி ஒட்டிவிடுகின்றனர். இடர்ப்பாடு தோன்றும் இடம் அதுவே.

முதற்கண் பாண்ட் தொடரைக் காண்போம். ஐயன் பிளெமிங் தம் முதற் பாண்ட் நாவலை 1953-இல் வெளியிட்டார். 1955-இல் வெளிவந்த 'மூன்ரேக்கர்' என்னும் நாவலில் ஒரு நுட்பமான செய்தி வருகிறது. கொல்லும் உரிமையுடன் இரட்டைப் பூச்சிய எண் பெற்ற ஒற்றர்கள் 45 அகவை எய்தியதும் அப்பணியினின்று விலக்கப்படுவர் என்பதே அது. தன் தலைவனுக்கு மூப்பு வரும் என்பதைப் பிளெமிங் மறந்தாரில்லை. படமெடுப்போர் அதனை மறந்தனர். அல்லது மறக்கவே விரும்பினர். 1962-இல் 'டாக்டர் நோ' வெளிவந்தபோது ஷான் கானரிக்கு 32 அகவை. 1967 வரை ஐந்து படங்களில் நடித்து அவர் விலகினார். 1969-இல் ஜார்ஜ் லேசன்பி ஒரே ஒரு படத்தில் வந்தார். 1971-இல் கானரி மீண்டும் வந்து சென்றார். 1973-இல் ரோஜர் மூர் அப்பெயரை ஏற்றார். அவர் 1927-இல் பிறந்தவர். கானரி பிறந்ததோ 1930-இல். புதியவர் பழையவரினும் மூத்தவர்! அம்முதற் படம் வெளிவந்தபோது மூருக்கு 45 அகவை. பிளெமிங் ஓய்வுக்கு வகுத்த அதே அகவை. அதன் பின்னரும் அவர் ஏழு படங்கள் நிறைவுறும் வரை, 1985-இல் 57 அகவையினராகும் வரை, பாண்டாகவே இருந்தார்.

மூப்பைப் போக்கவே ஆளை மாற்றுகின்றனர் என்னும் பொதுக்கருத்து இதனால் வலியிழக்கிறது. ஆடவர் பருவங்களைக் கூறும் பன்னிரு பாட்டியல் முப்பதுக்கு மேற்பட்டோனை முதுமகன் என்கிறது. அந்நூலின்படி நோக்கின், படப்பிடிப்பின்போது 29 அகவையினராயிருந்த லேசன்பி ஒருவரே விடலை. ஏனைய பாண்டுகள் அனைவரும் முதுமகனாகவே அரங்கேறியவர்கள். ஆகவே மாற்றத்தால் கிடைப்பது இளமை அன்று, மறதியே ஆகும். புதிய மெய்யில் பழைய தழும்புகள் இரா. காண்போரும் எண்ணத் தொடங்கிய ஆண்டுக்கணக்கைக் கைவிட்டு மீண்டும் ஒன்றிலிருந்து எண்ணுவர்.

ஆனால் மறத்தற்கரிய ஒன்று அக்கதையில் நிகழ்ந்துவிட்டது. 1969-இல் வந்த 'ஆன் ஹெர் மெஜஸ்டீஸ் சீக்ரெட் சர்வீஸ்' படத்தின் இறுதியில் பாண்ட் டிரேசி என்பவளை மணக்கிறான். மணநாளிலேயே அவள் சுட்டுக் கொல்லப்படுகிறாள். அவளை இழந்தவர் லேசன்பி. 1981-இல் 'ஃபார் யுவர் ஐஸ் ஒன்லி' படத்தின் தொடக்கத்தில் அவள் கல்லறையில் மலர் வைப்பவர் மூர். கல்லில் 1969 என்னும் ஆண்டும் பொறிக்கப்பட்டுள்ளது. 1989-இல் 'லைசென்ஸ் டு கில்' படத்தில் நண்பனின் மணவிழாவில், பாண்ட் முன்னொருகால் மணந்தவன் என்னும் பேச்சு எழுகிறது. அங்கே வாடிய முகம் டிமதி டால்டனுடையது. இழந்தவர் ஒருவர், மலரிட்டவர் ஒருவர், வாடியவர் ஒருவர்.

இதனை நகைத்து ஒதுக்கிவிடலாகாது. மெய்ப்பாடு என்னும் சொல்லுக்கு மெய்யின்கண் வெளிப்படுவது என்பதே பொருள். அழுகைக்குத் தொல்காப்பியர் கூறும் நிலைக்களன் நான்கனுள் இழவும் ஒன்று. இழவு ஒரு மெய்யில் நேர்ந்து, அழுகை பிறிதொரு மெய்யில் தோன்றுமாயின் அது யாருடைய மெய்ப்பாடு? காண்போர் அதனை ஏற்றுக்கொண்டனர் என்பது உண்மை. கூத்தில் வேடம் தாங்குவோர் மாறினும் காண்போர் மயங்குவதில்லை அல்லவா என எவரேனும் வினவலாம். வினா நேரியதே. ஆயினும் கூத்தின் கதை முடிந்த கதை. தொடர்ப்படத்தின் கதை வளர்ந்துகொண்டே செல்வது. வளரும் கதையில் நேற்றைய துயரம் இன்றைய செயலைத் திருத்த வேண்டும். பாண்டிடம் அது திருத்தவில்லை. 1981-ஆம் ஆண்டுப் படத்திலேயே, கல்லறையை விட்டகன்ற சில நொடிகளில், சக்கர நாற்காலியில் இருக்கும் பகைவனை வானூர்தியால் தூக்கிப் புகைபோக்கிக்குள் போடும் வேடிக்கை தொடங்கிவிடுகிறது. அழுகை வந்த சுவடு அழியுமுன்னரே நகை வந்து அமர்கிறது. மெய்யிலிருந்து மெய்க்குத் தடையின்றிக் கடந்து செல்பவை உடை, வண்டி, குடிவகை, தன் பெயரைத் தான் கூறும் முறை ஆகியனவே. துயரம் அத்துணை எளிதில் கடப்பதில்லை.

1983-ஆம் ஆண்டு இவ்வாராய்ச்சிக்கு ஓர் அரிய வாய்ப்பைத் தந்தது. அவ்வாண்டு இரண்டு பாண்டுகள் திரையில் தோன்றினர். வழக்கமான நிறுவனத்தின் 'ஆக்டோபுசி'யில் 55 அகவையினரான மூர். உரிமை வழக்கொன்றன் பயனாக வேறொருவர் எடுத்த 'நெவர் சே நெவர் அகெய்ன்' படத்தில் 53 அகவையினரான கானரி. பின்னது 1965-இல் கானரியே நடித்த 'தண்டர்பால்' கதையை மறுபடியும் கூறுவது. மூர் நடித்த படம் தலைவனின் அகவையைப் பற்றி வாய் திறவாது. கானரி நடித்த படமோ, உடல் தளர்ந்த ஒற்றனை மேலதிகாரி நலவிடுதிக்கு அனுப்பி உணவுமுறை திருத்தச் செய்வதிலிருந்தே தொடங்குகிறது. இருவருள் இளையவரே மூத்தவராகக் காட்டப்பெற்றார். கானரியின் மெய்யைக் காண்போர் 1962 முதல் அறிவர். அவர்களிடம் அதன் அகவையை மறைக்க இயலாது. மூத்த மெய் பழைய பெயரிடம் திரும்பி வந்தால் கதை மூப்பைப் பேசியே ஆகவேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

இனி இரண்டாம் வழி. பாண்ட் படம் ஒன்றை இயக்க விரும்பிய ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்குக்கு அதனினும் சிறந்ததெனக் கூறி ஜார்ஜ் லூக்காஸ் அளித்த கருத்தே இந்தியானா ஜோன்ஸ். ஹாரிசன் ஃபோர்ட் 1981, 1984, 1989 ஆகிய ஆண்டுகளில் அவனாக நடித்தார். மூன்றாம் படத்தில் அவனுக்குத் தந்தையாக வந்தவர் கானரி. இருவருக்கும் இடையே உண்மையில் 12 ஆண்டு வேறுபாடே உண்டு. எனினும் பாண்டின் வழியில் பிறந்தவன் ஜோன்ஸ் என்பதை அறிந்தோர்க்கு அத்தந்தைமை முற்றும் பொருத்தமாகவே தோன்றியது.

இத்தொடர் தன் தலைவனைப் பிறரிடம் ஒப்படைத்ததே இல்லை எனல் பொருந்தாது. 1989-ஆம் ஆண்டுப் படத்தின் தொடக்கத்தில் சிறுவன் ஜோன்ஸாக ரிவர் ஃபீனிக்ஸ் வந்தார். 1992-இல் தொடங்கிய தொலைக்காட்சித் தொடரில் சிறுவனாகவும் இளைஞனாகவும் 93 அகவை முதியவனாகவும் வெவ்வேறு நடிகர் வந்தனர். முன்னும் பின்னும் பிறர்க்கு உரியவாயின. வீரச்செயல் புரியும் நடுவாழ்வு மட்டும் திரைப்படத்தில் ஃபோர்டை விட்டு நீங்கவில்லை. நான்காம் படத்தின் முடிவு இவ்விடத்துக் கருதத்தக்கது. ஜோன்ஸின் தொப்பி காற்றில் உருண்டு மகன் காலடியில் வந்து விழுகிறது. மகன் அதனை எடுத்து அணியப் போகும்போது தந்தை பறித்துக்கொள்கிறான். பாண்ட் தொடர் பலமுறை செய்த ஒன்றை இத்தொடர் செய்ய மறுக்கும் கணம் அது. அடுத்த படத்தில் அம்மகன் வியட்நாம் போரில் மாண்டவனாகிறான்.

மெய்யைக் கைவிடாத இத்தொடர் காலக்கணக்கிலும் நேர்மை காத்தது. 1989-இல் வந்த மூன்றாம் படத்தின் கதை 1938-இல் நிகழ்கிறது. 2008-இல் வந்த நான்காம் படத்தின் கதை 1957-இல் நிகழ்கிறது. கதைக்குள்ளும் 19 ஆண்டுகள், வெளியிலும் 19 ஆண்டுகள். பெயரின் அகவையும் மெய்யின் அகவையும் இத்துணை ஒத்துச்சென்ற இடம் வேறு தொடர்ப்படங்களில் அரிது.

2023-இல் வந்த ஐந்தாம் படம் இவ்வொப்புரவைத் தொடக்கத்திலேயே குலைத்துப் பின்னர் மீட்டது. அதன் முதற்பகுதி 1944-இல் நிகழ்வது. பழைய படங்களில் பதிவாகியிருந்த ஃபோர்டின் முகத்தைத் திரட்டிக் கணிப்பொறியின் துணையால் 80 அகவையினரான அவருக்கு நடுத்தர அகவை முகம் பொருத்தினர். முகம் இளைத்துப் பொலிந்தது. குரலும் நடையும் உடன்படவில்லை. குறை கருவியின் குறை மட்டுமன்று. புறநானூற்றின் 243-ஆம் பாட்டில் தொடித்தலை விழுத்தண்டினார் தம் இளமைக்கால நீர்விளையாட்டைக் கூறுகிறார். அவ்விளமையை நாம் நேரே காண்பதில்லை; தடியூன்றி நடுங்கும் முதியவர் வாய்ச்சொல்லாகவே கேட்கிறோம். கூறுவோர் முதியவராதலின் அவ்விளமைக்கு அத்துணை ஒளி. திரையில் முதியவரை மறைத்துவிட்டு இளமையை மட்டும் காட்டினர். ஒளி தரும் விளக்கையே எடுத்துவிட்டனர் எனலாம். இதற்கு மாறாக, அப்படத்தின் பிற்பகுதியில் ஆர்க்கிமிடீஸ் காலத்துச் சிரக்கூஸ் நகரை அடைந்த முதிய ஜோன்ஸ், அங்கேயே தங்கிவிட விரும்பி மன்றாடுகிறான். அக்காட்சியில் ஃபோர்டின் உண்மை அகவையே நடிக்கிறது. வாழ்நாள் முழுதும் பழமையைத் தோண்டியவன் அதிலேயே அடங்க விழைகிறான். இளைஞர் எவரும் நடித்துக் காட்டவியலாத விழைவு அது.

'டெர்மினேட்டர்' வரிசையில் அர்னால்டு ஸ்வார்செனேகர் நடித்த எந்திரனுக்கு, 2015-ஆம் ஆண்டுப் படத்தில், வெளித்தசை மட்டும் முதிரும் என ஒரு விளக்கம் தந்தனர். எந்திரத்தையும் மூப்பு விடவில்லை என மகிழ்வதன்றி அதனை ஆராய்வதற்கில்லை. சில்வெஸ்டர் ஸ்டாலோன் கண்ட வழியே சிறந்தது. 1976-இல் ராக்கி என்னும் குத்துச்சண்டை வீரனாக அறிமுகமானவர், 2015-இல் 'கிரீட்' படத்தில் பழைய எதிரியின் மகனுக்குப் பயிற்சி தரும் ஆசானாக வந்தார். இரு படங்களுக்கும் ஆஸ்கர் பரிசுக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டது; முன்னதில் தலைமை நடிகராக, பின்னதில் துணை நடிகராக. தலைவன் இறக்கவுமில்லை, வேறொருவரால் நிரப்பப்படவுமில்லை. மேடையினின்று இறங்கி அதன் மூலையில் நின்றான்.

பாண்ட் தொடரும் இறுதியில் இரண்டாம் வழியை நாடியது என்பது வியப்பன்று. 2006-இல் டேனியல் கிரெய்க் வந்தபோது கதை முழுதும் முதலிலிருந்து தொடங்கப்பெற்றது. பாண்ட் அப்போதுதான் கொலையுரிமை பெறுகிறான். ஆனால் 1995 முதல் மேலதிகாரியாக நடித்துவந்த ஜூடி டென்ச் அவ்வாறே நீடித்தார்; தலைவன் புதியவன், தலைவி பழையவர். 2008-ஆம் ஆண்டுப் படம் முந்தைய கதையை விட்ட இடத்திலேயே தொடர்கிறது. 2012-இல் 'ஸ்கைஃபால்' படத்திலோ அதே பாண்ட் குறிதவறுபவனாய், உடற்றேர்வில் தோற்பவனாய், பழைய ஆளாய் நிற்கிறான். தொடக்கத்திற்கும் தளர்ச்சிக்கும் இடையே இருந்திருக்க வேண்டிய நடுவாழ்வு எங்கே? கிரெய்க்கின் படங்களில் அஃது இல்லை. கானரியும் மூரும் ஏனையோரும் நடித்த படங்களைக் காண்போரே நினைவிலிருந்து எடுத்து அவ்விடைவெளியில் இட்டு நிரப்பிக்கொள்கின்றனர். பெயரின் அகவையைக் கடன்வாங்கி மெய்யின் அகவையைக் காட்டிய இவ்வுத்தி, இத்தொடர் கண்டவற்றுள் மிக நுண்ணியது என்பது எம் கருத்து.

2021-இல் 'நோ டைம் டு டை' படத்தில் அவ்வெண் வேறொரு பெண் ஒற்றருக்கு வழங்கப்பட்டிருக்கிறது. பாண்டுக்கு ஒரு மகள் இருக்கிறாள். தீவொன்றில் ஏவுகணைகளுக்கு இலக்காகி அவன் இறக்கிறான். அறுபது ஆண்டுகளாக மூவாதிருந்த பெயர் ஒரு மெய்யோடு சேர்ந்து மாண்டது இதுவே முதன்முறை. டிரேசியின் இழவைப் போல இதனைப் பிறிதொரு முகம் ஏற்று வாடுதற்கும் வழியில்லை. இறுதிக் காட்சியில் தாய் வண்டியை ஓட்டியபடி, பாண்ட் என்னும் ஒருவனுடைய கதையைச் சொல்லப்போவதாக மகளிடம் கூறுகிறாள். பின்னர் நடித்தோர், உழைத்தோர் பெயர்களெல்லாம் திரையில் ஓடி முடிந்தபின், ஜேம்ஸ் பாண்ட் மீண்டும் வருவான் என்னும் வழக்கமான அறிவிப்பும் தோன்றுகிறது.