டேப்லெட்டும் மரம் செதுக்கும் யந்திரமும்

சங்க அன்பர்கள் சிலரின் இல்லங்களில், பால்கனி மூலையிலோ மாடிப்படியின் அடியிலோ ஒரு சிறு பட்டறை அமைந்திருக்கும். அதில் இப்போது சி.என்.சி. யந்திரமும் இடம் பெறத் தொடங்கியிருக்கிறது. வாசலுக்குத் தமிழில் பெயர்ப் பலகை செதுக்கித் தருவோர் வடபுல நகரங்களில் எளிதிற் கிடைப்பதில்லை; ஆதலின், நாமே செதுக்கிக்கொண்டாலென்ன என்னும் ஆசை எழுவது இயல்பே. பட்டறைத் தூசியில் கணினியை வைக்க மனம் வராதவர்கள், வீட்டிலுள்ள டேப்லெட்டைக் கொண்டே யந்திரத்தை நடத்த முற்படுகிறார்கள். நல்ல யோசனைதான். ஆயின் டேப்லெட்டிடம் எந்த வேலையை ஒப்படைப்பது, எதை ஒப்படைக்கலாகாது என்பதை முன்னரே தெளிந்துகொள்ள வேண்டும்.

எண்களால் வெட்டுளியை நடத்தும் முறை அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1952-ஆம் ஆண்டில் செய்து காட்டப்பெற்றது. அன்று ஆணைகளைத் துளையிட்ட நாடாவிலிருந்து யந்திரம் படித்தது. பெருந்தொழிற்சாலைகளுக்கே உரியதாயிருந்த அம்முறை வீட்டுக்குள் வந்ததற்கு முக்கிய காரணம், 2009-இல் தோன்றிய 'ஜி.ஆர்.பி.எல்.' என்னும் இலவச நிரல். உள்ளங்கையளவுள்ள அர்டுவினோ பலகையிலேயே அது ஓடும். கடையில் '3018' என்று விற்கும் சிறு யந்திரத்தின் வேலைப்பரப்பு 30 செ.மீ.க்கு 18 செ.மீ. அதன் மோட்டார் ஒரு சுற்றை 200 அடிகளாக எடுத்து வைக்கும். ஓட்டும் சுற்று ஒவ்வோர் அடியையும் 16 கூறாக்கும். திருகு ஒரு சுற்றுக்கு 4 மி.மீ. நகர்த்துமாயின், ஒரு மில்லிமீட்டருக்கு 800 துடிப்புகள். 'ழ'கரத்தின் வளைவு பிசிறின்றி அமைவது இந்த நுணுக்கத்தால்தான்.

அர்டுவினோ பலகைக்கு வேலை நினைவகம் வெறும் 2 கிலோபைட். ஒரு பெயர்ப் பலகைக்குரிய ஆயிரக்கணக்கான ஆணை வரிகளை அது ஒருங்கே விழுங்க இயலாது. குழந்தைக்குச் சோறூட்டுவது போல, வெளியிலிருந்து ஒருவர் சிறிது சிறிதாக ஊட்டிக்கொண்டே இருக்கவேண்டும். டேப்லெட்டை யு.எஸ்.பி. கம்பியால் நேரே யந்திரத்தில் மாட்டினால், ஊட்டும் கை அந்த டேப்லெட்டே. திரை உறங்கினாலும், பாட்டரி தீர்ந்தாலும், வீட்டுப் பிள்ளை பாட்டுக் கேட்க அதைப் பிடுங்கிக்கொண்டு போனாலும் ஊட்டல் நின்றுவிடும்.

நின்றால் என்ன ஆகும்? ரயிலில் காற்றுப் பிரேக் உண்டு. பெட்டிகளின் இணைப்பு அறுந்தால் குழாயிற் காற்று வெளியேறும். உடனே பிரேக் தானே விழும். அறுந்த வண்டி தானாக நிற்கும்படி அமைத்த ஏற்பாடு அது. நம் சிறு யந்திரத்துக்கு அந்த ஞானம் கிடையாது. கைவசமுள்ள சில வரிகளை முடித்துவிட்டு, உளி நின்ற இடத்திலேயே சுழன்றுகொண்டிருக்கும். மரம் கருகும், உளி மழுங்கும். உளிக்குப் பதில் லேசர் மாட்டியிருந்தால் ஆபத்து பெரிது. 'எம்3' என்னும் ஆணையில் லேசர், நகர்ந்தாலும் நின்றாலும் அணையாது. ஒரே புள்ளியில் எரித்துக்கொண்டிருக்கும். லேசர் முறையை அமைத்து 'எம்4' ஆணையைப் பயன்படுத்தினால், நகர்ச்சி நின்றவுடன் லேசரும் அணையும். குடித்தனங்கள் நெருங்கியுள்ள கட்டடத்தில் இந்த ஓரெழுத்து வேறுபாடு சிறியதன்று.

எனவே ஊட்டும் வேலையை யந்திரத்தின் அருகிலேயே நிலையாக இருக்கும் ஒன்றிடம் விடுவதே முறை. ராஸ்பெரி பை போன்ற சிறு கணினியை யந்திரத்துடன் கம்பியால் இணைத்து வைக்கலாம். அல்லது ஈ.எஸ்.பி.32 சில்லுள்ள பலகையை வாங்கி, நினைவு அட்டையில் கோப்பை ஏற்றி அங்கிருந்தே ஓட்டலாம். பின்னதே எளிது என்பது அடியேனின் கருத்து. இரண்டிலும் டேப்லெட் வைஃபை மூலம் பார்க்கும் சாளரம் மட்டுமே. அது உறங்கினாலும் வேலை ஒழுங்காக நடந்து முடியும்.

அப்படியானால் டேப்லெட்டின் பயன் யாது? உளியைத் தொடக்கப் புள்ளியில் நிறுத்தும் நேரத்தில்தான் அதன் அருமை விளங்கும். மேசைக் கணினி எதிர்மூலையில் இருந்தால், ஒரு சொடுக்கு, ஓர் ஓட்டம், குனிந்து பார்த்தல், மீண்டும் ஓட்டம். டேப்லெட் கையிலிருந்தால் பலகையருகிலேயே நின்று, கண்ணை உளிமுனையில் வைத்து, 0.1 மி.மீ. அளவில் இறக்கலாம். இடையில் ஒரு காகிதத் துண்டை வைத்து, அது சற்றே பிடிபடும்போது நிறுத்தினால் உயரம் சரி. இவ்வேளையில் உளி சுழலக் கூடாது.

நிறுத்தும் பொறுப்பை மட்டும் டேப்லெட்டுக்குத் தரலாகாது. வியர்த்த விரலுக்கும் மரத்தூள் படிந்த திரைக்கும் ஒத்துப்போவதில்லை. வைஃபை எந்த நொடியில் அறுமென்றும் சொல்வதற்கில்லை. மேலும், திரையிலுள்ள தற்காலிக நிறுத்தத்தைத் தொட்டால் நகர்ச்சிதான் நிற்குமேயன்றி உளியின் சுழற்சி நிற்பதில்லை. ஆகவே மோட்டார்களுக்கும் ஸ்பிண்டிலுக்கும் செல்லும் மின்சாரத்தையே துண்டிக்கும் சிவப்பு எமர்ஜென்சி ஸ்விட்ச் ஒன்றைத் தனியே பொருத்துக. உளியைத் தாண்டிக் கை நீட்ட வேண்டாதபடி அது முன்புறம் அமையட்டும். பூட்டும்போதே வீட்டிலுள்ளோர் அனைவரையும் அழைத்து, ஒருமுறை அழுத்திப் பார்க்கச் சொல்லுக.