வேட்டி கட்டினால் உள்ளே விடமாட்டார்களா?

ஒரகடம் பக்கம் ஷிப்ட் முடியும் நேரத்தில் போயிருக்கிறீர்களா? வரிசையாக கம்பெனி பஸ்கள் நிற்கும். நீலம், சாம்பல் என்று விதவிதமான யூனிஃபார்மில் அண்ணன்களும் அக்காக்களும் இறங்குவார்கள், ஏறுவார்கள். கழுத்தில் அடையாள அட்டை, காலில் கனமான சேஃப்டி ஷூ. அந்தக் கூட்டத்தில் வேட்டி கட்டிய ஒருவரைத் தேடிப் பாருங்கள். கிடைக்கவே மாட்டார்!

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் ஸ்ரீபெரும்புதூர். 1017-ம் ஆண்டு ராமானுஜர் பிறந்த ஊர். அங்கே ஆதிகேசவப் பெருமாள் கோயிலுக்குள் போனால், அர்ச்சகர்கள் எல்லோரும் வேட்டியில்தான் இருப்பார்கள். அதுதான் அவர்களுடைய வேலை உடை.

ஒரு இடத்தில் வேலை உடையாக இருப்பது, இன்னொரு இடத்தில் மட்டும் ஏன் கூடாது? வாங்க, ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு நொடிக் கணக்கு

தொழிற்சாலையில் 5 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு இரும்புத் தண்டு சுழல்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் சுற்றளவு கிட்டத்தட்ட 16 சென்டிமீட்டர். நிமிடத்துக்கு 1,000 சுற்று என்றால், நொடிக்கு 16 சுற்றுக்கும் மேல். 16-ஐ 16-ஆல் பெருக்குங்கள். 256 சென்டிமீட்டர், அதாவது இரண்டரை மீட்டர்!

நாலு முழ வேட்டியின் நீளமே சுமார் 2 மீட்டர்தான். நுனி மாட்டிக்கொண்டால், 'ஐயோ' என்று கத்துவதற்குள் முழு வேட்டியையும் தண்டு சுற்றி இழுத்துவிடும். கட்டியிருப்பவரையும் சேர்த்து!

அதனால்தான் ஓடும் இயந்திரத்தில் கைவைத்து வேலை செய்பவர் உடலோடு ஒட்டிய உடை அணிய வேண்டும் என்று 1948-ம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் சொன்னது. இந்த ஆபத்து வேட்டிக்கு மட்டுமல்ல. தொங்கும் துப்பட்டாவுக்கும் உண்டு, கோட்டு சூட்டு போட்ட மேனேஜரின் டைக்கும் உண்டு! இயந்திரத்துக்கு 'இது நம்ம ஊர் உடை, அது வெளிநாட்டு உடை' என்ற வித்தியாசமெல்லாம் தெரியாது.

சேப்பாக்கத்தில் நடந்தது

இப்போது வேறொரு வாசலுக்குப் போவோம். 2014-ம் ஆண்டு ஜூலை 11-ம் தேதி. சென்னை சேப்பாக்கத்தில் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் கிளப்பில் ஒரு புத்தக வெளியீட்டு விழா. அதற்கு வந்தார் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி அரிபரந்தாமன். பளிச்சென்று வேட்டி, சட்டை. "வேட்டிக்கு அனுமதி இல்லை" என்று அவரை வாசலிலேயே தடுத்துவிட்டார்கள்! வேட்டியில் வந்த மூத்த வழக்கறிஞர்களுக்கும் அதே கதி.

அங்கே எந்தத் தண்டும் சுழலவில்லை. எந்த ஆபத்தும் இல்லை. 'வேட்டி மரியாதையான உடை இல்லை' என்று ஆங்கிலேயர் காலத்திலிருந்து வந்த ஒரு எண்ணம்தான் காரணம்.

செய்தி பரவியதும் தமிழ்நாடே கொதித்தது. அடுத்த மாதமே சட்டமன்றத்தில் ஒரு சட்டம் நிறைவேறியது. வேட்டி கட்டியவரைக் கிளப் போன்ற பொது இடங்களில் தடுத்தால் உரிமம் ரத்தாகும். ஓராண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் கிடைக்கலாம்!

ஆண்களின் பாவாடை

இடுப்பில் துணி சுற்றும் ஆண்கள் நாம் மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். ஸ்காட்லாந்து ஆண்கள் 'கில்ட்' அணிவார்கள். பார்த்தால் நம்ம ஊர் பள்ளிக்கூட மாணவிகளின் கட்டம் போட்ட பாவாடை மாதிரியே இருக்கும்! பின்பக்கம் முழுக்க மடிப்பு மடிப்பாகத் தைத்திருப்பார்கள். ஒரு கில்டுக்கு 8 கஜம் வரை துணி போகும். பாக்கெட் கிடையாது. அதற்குப் பதில் முன்னால் ஒரு தோல்பை தொங்கும்.

அந்தக் கில்டும் அவமானப்பட்டதுதான். ஸ்காட்லாந்தில் நடந்த ஒரு கிளர்ச்சியை அடக்கிய பிரிட்டிஷ் அரசு, 1746-ல் கில்டுக்குத் தடை போட்டது. அணிந்தால் 6 மாதம் ஜெயில்! மறுபடியும் அணிந்து பிடிபட்டால் நாடு கடத்தல்! ராணுவ வீரர்களுக்கு மட்டும் விலக்கு. 1782-ல்தான் தடை நீங்கியது. இன்றைக்குக் கல்யாணம், விருந்து என்று பெரிய விசேஷங்களுக்குக் கோட்டும் கில்டும்தான் அங்கே ராஜ உடை.

இன்னும் கேளுங்கள்...

* பிஜித் தீவில் ஆபீஸ் போகும் ஆண்கள், பாக்கெட் வைத்துத் தைத்த 'சுலு' என்ற பாவாடையும் சட்டையும் டையும் அணிவார்கள். அணிவகுப்பில் நிற்கும் போலீசாரின் வெள்ளைச் சுலுவின் ஓரம், ரம்பப் பல் மாதிரி வெட்டியிருக்கும்!

* மியான்மரில் லுங்கியின் அண்ணனான 'லோங்கி'தான் ஆண்களின் மரியாதையான உடை. அரசுப் பள்ளி மாணவர்களின் யூனிஃபார்மே வெள்ளைச் சட்டை, பச்சை லோங்கி.

* பூட்டானில் அரசு அலுவலகம் போகும் ஆண்கள், முழங்கால் வரை தொங்கும் 'கோ' என்ற அங்கியை அணிய வேண்டும்.

* 2019 டிசம்பரில் ஸ்வீடனில் நோபல் பரிசு வாங்க மேடை ஏறினார் இந்தியாவில் பிறந்த பொருளாதார அறிஞர் அபிஜித் பானர்ஜி. ஆண்கள் கறுப்புக் கோட்டில் வரும் அந்த விழாவுக்கு அவர் வந்தது வேட்டியில்!

ஒரே ஒரு கேள்வி

பார்த்தீர்களா குட்டீஸ்! ஒரகடத்திலும் வேட்டிக்குத் தடை, சேப்பாக்கத்திலும் தடை. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. முதல் தடை ஆளைக் காப்பாற்றுகிறது. இரண்டாவது தடை ஆளை அவமானப்படுத்தியது. முதலாவதை மதிக்க வேண்டும், இரண்டாவதை மாற்ற வேண்டும்.

எங்காவது 'இந்த உடை கூடாது' என்று சொன்னால், பணிவாக "ஏன்?" என்று கேளுங்கள். அந்தப் பதிலிலேயே அது எந்த வகைத் தடை என்று தெரிந்துவிடும். உடையைப் பார்த்து நண்பர்களைக் கேலி செய்யத் தோன்றினால், அதே 'ஏன்'-ஐ உங்களிடமும் ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள். சரிதானே?