நகரும் படத்தைச் சுருக்கும் வித்தை

மாட்டுப் பொங்கலன்று காஞ்சி வரதராஜப் பெருமாள் பழையசீவரத்திற்கு எழுந்தருளும் பாரிவேட்டை உற்சவத்தைக் கைப்பேசியிற் படமெடுப்போர் பலர். வினாடிக்கு 25 படம். படமொன்றுக்கு 1920×1080 புள்ளிகள். புள்ளிக்கு 3 பைட்டு. சுருக்காவிடில் ஒரு வினாடிக் காட்சிக்கே 15 கோடிக்கு மேற்பட்ட பைட்டுகள் வேண்டும்.

சுருக்கும் உபாயம் யாதெனின், மலை அசையாது, பல்லக்கே நகரும். ஆதலின் மலையை ஒருமுறை எழுதி, பல்லக்கு எத்திசையில் எவ்வளவு பெயர்ந்ததென்பதை மட்டும் பின்னர்க் குறித்தாற் போதும். கண்ணுக்குப் புலப்படாத நுண்ணிய வேறுபாடுகளையும் தள்ளிவிடலாம்.

இதற்கென 2003-ஆம் ஆண்டில் எச்.264 என்னும் நியமம் வெளியாயிற்று. சுருக்கியதை விரிக்கும் முறையையே அது விதித்தது. சுருக்கும் வழியை அவரவர் திறமைக்கு விட்டது. எக்ஸ்264 என்னும் மென்பொருளின் மூலநிரல் யாவர்க்கும் திறந்திருந்தமையால், பலரும் அதனைத் திருத்தினர். நியமம் மாறாதிருக்கவும், அதே அளவில் தெளிவு வளர்ந்தது.

2013-இல் எச்.265 பிறந்தது; முன்னதன் பாதியளவில் ஒத்த தெளிவு தருவதே அதன் நோக்கம். அதற்குரிய எக்ஸ்265 மென்பொருளை மல்டிகோர்வேர் நிறுவனத்தார் அவ்வாண்டே திறந்த நிரலாக வெளியிட்டனர். சென்னைப் பொறியாளரும் அதில் உழைத்தனர். 2018-இல் உரிமக் கட்டணம் வேண்டாத ஏவி1 நியமம் வந்தது. அளவு குறையக் கணக்கு மிகுமாதலால், இன்டெல், நெட்பிளிக்ஸ் நிறுவனத்தார் வளர்த்த எஸ்விடி-ஏவி1 மென்பொருள், வேலையைக் கணினியின் பல கருக்களுக்கும் பங்கிட்டுக் காலத்தைக் குறைக்கின்றது.

இணைய வேகங் குன்றிய சிற்றூரிலும் பாடக்காட்சி தடையின்றி ஓடுதற்கு இச்சுருக்கமே துணை. மாணவ நண்பர்களே, பூட்டிவைத்த வித்தை ஒருவர்க்கே பயன்படும்; திறந்துவைத்த வித்தை ஊர்க்கிணறு போல் இறைக்க இறைக்க ஊறும். அந்நிரல் இன்றும் திறந்தே இருக்கின்றது. நீங்களும் கற்றுத் திருத்தலாம்.