இரண்டரைக் கட்டையா, நாலரைக் கட்டையா?

நெய்க்காரப்பட்டிப் பக்கம் ஒரு கல்யாண மண்டபம். முகூர்த்தம் முடிந்து பந்தி நடக்கிறது. மேளக்காரர்கள் உட்கார்ந்த ஜமுக்காளத்தில் பதினாலு வயசுப் பையன் ஒருவன், பெரியவரின் நாயனத்தை மடியில் வைத்துக்கொண்டு கடைசித் துளைக்குச் சுண்டுவிரலை நீட்டுகிறான். சுண்டுவிரல் எட்டினால் மோதிரவிரல் துளையை விட்டு நழுவுகிறது.

“ஏனுங்க மாமா, எனக்குப் பாரி வாங்குறதா, திமிரி வாங்குறதா?”

“எங்க ஊதப்போற, யாருகூட ஊதப்போற? அதச் சொல்லு மொதல்ல.”

கடையில் கேட்கும் ‘எத்தனை கட்டை’ என்ற கேள்விக்கு இதுதான் சரியான தொடக்கம். ஆர்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளை எண்ணி வந்த கணக்கு அது. ஒன்று 262 ஹெர்ட்ஸ் அளவில், இரண்டு 294, நான்கு 349, ஐந்து 392. நடுவில் வரும் கறுப்புக் கட்டைகள் ஒன்றரை, இரண்டரை, நாலரை. மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே கறுப்பு கிடையாது; பெயரில் ஒரு கட்டை, உயரத்தில் அரைதான்! நீண்ட நாயனமான பாரி இரண்டு, இரண்டரையில் பேசும். குட்டையான திமிரி நாலு, ஐந்தில்.

குழாய் நீண்டால் உள்ளே காற்றலையும் நீளும், சுருதி இறங்கும். சுருதியை அரைப் படி ஏற்றக் குழாயில் சுமார் 6 சதவீதம் குறைய வேண்டும். 35 அங்குலத்தில் அது 2 அங்குலம். துளைகளும் அதே விகிதத்தில் நெருங்கும். பையனின் சுண்டுவிரல் சிக்கல் அங்கேதான்.

எந்த நீளத்தை எடுப்பது என்ற இந்தக் குழப்பம் பேண்டு வாத்தியக்காரர்களின் ட்யூபாவிலும் உண்டு. பி ஃபிளாட் ட்யூபாவின் குழாயைப் பிரித்து நீட்டினால் 18 அடி, எஃப் ட்யூபா 12 அடி. எழுதிவைத்த ஒரே சுரத்துக்கு ஒவ்வொன்றிலும் விரல் மாறும். ஆகவே அங்கே வாத்தியத்தை மாற்றுவது புதுப் பாடம் படிப்பதைப் போல. நமக்கு அந்தத் தொல்லை இல்லை. ஸட்ஜம் வாத்தியத்தோடு நகர்கிறது. திமிரியில் பழகிய விரல் பாரியிலும் செல்லும், கொஞ்சம் அகலமாக.

முன்பு திமிரியே ஆண்டது. தெருவில் சாமி புறப்பாட்டுக்கு அதன் கூர்மையான ஒலி தேவை. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) கச்சேரி மேடைக்கு நாயனத்தைக் கொண்டுபோனபோது சுருதி தாழ்ந்தது, சுருதிக்கு ஊதும் ஒத்துக்குப் பதில் தம்பூரா வந்தது. அவருக்குப் பாரியைச் செதுக்கிக்கொடுத்தவர் நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி. அந்த ஊர் நாயனத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மரம் ஆச்சா, பழைய வீடு இடித்த உத்திரம் என்றால் இன்னும் விசேஷம்.

ஆனால் வாத்தியம் செய்த ஆசாரி சொன்ன கட்டை எப்போதும் அதே கட்டையாக நிற்காது. வெப்பம் 15 டிகிரி ஏறினால் காற்றில் ஒலியின் வேகம் சுமார் இரண்டரை சதவீதம் கூடும். கூடவே சுருதியும் அரைப் படியில் பாதிக்குச் சற்றுக் குறைவாக ஏறும். தைப்பூச விடியற்காலைப் பழனிக்கும் பங்குனி உத்திர மத்தியானத்துக்கும் அவ்வளவு வித்தியாசம் சாதாரணம். ஊதுகிறவரின் மூச்சுச் சூடு அதில் கொஞ்சத்தை ஈடுகட்டும். மின்சாரச் சுருதிப்பெட்டிக்கோ வெயில் தெரியாது. அதனால் வித்துவான் சீவாளியை, அது செருகியிருக்கும் கெண்டை என்ற சிறு உலோகக் குழலில் சற்றே வெளியே இழுப்பார், குழாய் நீளும். அடியிலுள்ள பிரம்மசுரத் துளைகளில் மெழுகு வைத்தும் சரிசெய்வார். என் கணக்கில், வாங்கும்போது கட்டையைவிடச் சீவாளிக்கே அதிக நேரம் கொடுக்க வேண்டும். நாணலில் செய்த அந்தச் சின்ன நாக்கு இடறினால் எந்த ஆச்சாவும் பேசாது.

பெரியவர் பையனின் கையைப் பிடித்து விரல்களை விரித்துப் பார்த்தார். “ரெண்டு வருசம் திமிரி ஊது. கை நீளட்டும்.” பையன் முகம் வாடியது. அவர் நாயனத்தை வாங்கி, கயிற்றில் தொங்கிய நாலு சீவாளிகளில் ஒன்றைக் கழற்றி அவனிடம் நீட்டினார். “இத நனைச்சு வெச்சுக்க. வாத்தியம் அப்புறம் பாத்துக்கலாம்.”