மென்பொருளாக்கத்தில் வினைசெயல்வகை

வினையைத் தொடங்குமுன் அதனைச் செய்யும் வகையை ஆராய்தல் வேண்டும் என்பது தமிழர்க்குப் புதிய கருத்தன்று. திருக்குறட் பொருட்பாலில் தெரிந்து செயல்வகை, வினைசெயல்வகை என ஈரதிகாரங்கள் இதன்பொருட்டே அமைந்துள்ளன. வேந்தனையும் அமைச்சனையும் நோக்கி எழுந்த இவ்வாராய்ச்சி, இன்று மென்பொருளாக்குவோர்க்கும் வேண்டுவதாயிற்று. மாளிகாவத்தையின் அயலில், தெமட்டகொடையிலும் மருதானையிலும் மென்பொருள் நிறுவனங்கள் இயங்குகின்றன. நம் மாணவருட் பலர் அத்தொழிலை நாடுதலின், அதன்கண் வழங்கும் முறைகளை அறிதல் நன்று.

முதலாவது நீர்வீழ்ச்சி முறை. தேவையை வரைதல், வடிவமைத்தல், நிரல் எழுதுதல், சோதித்தல் என ஒன்று முடிந்தபின்னரே மற்றொன்று தொடங்கும். 1970 ஆம் ஆண்டில் வின்ஸ்டன் றொய்ஸ் என்பார் இவ்வொழுங்கைப் படமாக வரைந்து, அதனை அவ்வாறே கைக்கொள்ளுதல் இடருடைத்து என்றும் அக்கட்டுரையிலேயே எழுதினார். படத்தைக் கண்டு, எழுத்தைப் படியாது விட்டோர் பலர் போலும்! இரண்டாவது ஸ்க்றம். ஒரு மாதத்திற்கு மேற்படாத சிறு தவணைகளாக வேலையைப் பகுத்து, ஒவ்வொரு தவணையின் ஈற்றிலும் பயன்படத்தக்க ஒரு பகுதியைக் காட்டி, அடுத்ததைத் திருத்திக்கொள்வது அது.

மூன்றாவதாகிய கன்பான், யப்பானிய ரொயோட்டாத் தொழிற்சாலையில் தைச்சி ஓனோ வகுத்த அட்டைமுறையினின்றும் பிறந்தது. இதன் உயிர்நாடி, கைக்கொண்ட வேலைகளின் தொகைக்கு வரம்பிடுதல். நம் மாளிகாவத்தைப் புகையிரத முற்றத்தை எண்ணிப் பார்க்க. தண்டவாளம் எத்தனையோ அத்தனைக்கேற்பவே வண்டிகளை உள்ளே எடுத்தல் கூடும். ஒன்று வெளியேறினாலன்றி மற்றொன்று நுழைதற்கிடமில்லை. மென்பொருளாளன் மனத்திலே தண்டவாளம் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆதலின் பத்து வேலைகளை ஒருங்கே ஏற்று, ஒன்றையும் முடியாது, இரவெல்லாம் விழித்திருக்கின்றான்.

இவற்றுள் எது சிறந்தது என வினவுதல் பொருந்தாது. தேவை எத்துணை விரைவில் மாறும்? பிழை நேரின் இழப்பு யாது? இவ்விரண்டுமே வினவற்பாலன. 2004 டிசம்பர் 26 இல் ஆழிப்பேரலை நம் தீவைத் தாக்கியபோது, இந்நாட்டுத் தொண்டர்கள் சகானா என்னும் மென்பொருளை ஆக்கினர். காணாமற்போனோர், முகாம்கள், உதவிக்கான வேண்டுகோள்கள் ஆகியவற்றைப் பதிதற்கு அது எழுந்தது. அத்தகைய பணியில் முழுத்திட்டம் வரைந்து முடியுமளவும் காத்திருப்போமாயின், தாய் தன் பிள்ளையைத் தேடும் நாள்கள் கழிந்துவிடும். அன்றன்றைய அவசரமே வரிசையை வகுத்தல் வேண்டும்.

மிலேனியம் ஐரி என்னும் இலங்கை நிறுவனத்தின் பணியோ வேறு. 2009 இல் இலண்டன் பங்குச்சந்தை அதனை விலைக்கு வாங்கிற்று. 2011 இல் அந்நிறுவனத்தின் மென்பொருளிலேயே இலண்டன் வணிகம் நடைபெறலாயிற்று. அங்கே விதிகள் முன்னரே வரையப்பட்டவை; ஒரு கணத் தவறும் பெரும்பொருளை அழிக்கும். விரிந்த வரைவும் நெடிய சோதனையும் அத்தொழிற்கு இன்றியமையாதன. அங்கும் நிரலைச் சிறு தவணைகளில் எழுதலாம். ஆயின் சோதனையைச் சுருக்குதல் ஆகாது.

கல்லூரிச் செயற்றிட்டத்திற்கு இருவரோ மூவரோ கூடும்போது, பெருநிறுவனத்தின் சடங்குகள் அனைத்தும் வேண்டா. செய்யவேண்டியவை, செய்பவை, முடிந்தவை என மூன்று நிரல்கள் கொண்ட ஒரு பலகையும், நடுநிரலில் ஆளுக்கு இரண்டுக்கு மேற்படாத தாள்களும் போதும்.