நல்ல வேலையாள் ஏன் நிற்பதில்லை?

"நல்ல பொடியன்மார் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் நிற்பதில்லை." காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடிக் கடைத்தெருக்களில் முதலாளிமார் அடிக்கடி சொல்லும் குறை இது. ஆறு மாதம் தொழில் பழக்கிய பின்னர் பையன் கொழும்புக்கோ கட்டாருக்கோ போய்விடுகிறான். அடுத்தவனை எடுத்து மீண்டும் முதலிலிருந்து பழக்க வேண்டியிருக்கிறது. இதனால் ஏற்படும் நட்டம் கணக்குப் புத்தகத்தில் எழுதப்படுவதில்லை. ஆனாலும் அது நட்டம்தான்.

பல்லாயிரம் பேர் வேலை செய்யும் பெரிய கணினி மென்பொருள் கம்பனிகளுக்கும் இதே பிரச்சினை உண்டு. இதற்கென்றே அவை மனிதவள முகாமைத்துவம் என்ற தனிப் பிரிவை வைத்திருக்கின்றன. யாரைச் சேர்ப்பது, எப்படி மதிப்பிடுவது, எப்படி மேற்பார்வை செய்வது, என்ன கொடுப்பது என்பவையே அந்தப் பிரிவின் பிரதான வேலைகள். அக்கம்பனிகளின் அனுபவத்தில் நமக்குப் பயன்படக்கூடியவற்றைப் பார்ப்போம்.

யாரைச் சேர்ப்பது?

தமிழகத்தில் வளர்ந்த ஸோஹோ கம்பனி 1996ஆம் ஆண்டு அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கப்பட்டது. 2009இல் தற்போதைய பெயரைப் பெற்றது. இன்று 15,000க்கும் அதிகமானோர் அங்கு பணிபுரிகின்றனர். அதன் நிறுவனர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு ஒரு விடயத்தைக் கவனித்தார். கல்லூரியில் பெற்ற புள்ளிகளுக்கும் வேலையில் காட்டும் திறமைக்கும் பெரிதாகத் தொடர்பில்லை என்பதே அது.

இதனால் 2005ஆம் ஆண்டளவில் கம்பனி தனக்கென ஒரு பயிற்சிக் கல்லூரியைத் தொடங்கியது. பள்ளிப் படிப்பை முடித்து, வசதியின்மையால் மேற்கொண்டு படிக்க முடியாத பிள்ளைகள் அதில் சேர்க்கப்பட்டனர். முதல் அணியில் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரே இருந்தனர். பயிற்சிக்குக் கட்டணம் இல்லை. மாறாக மாணவருக்கு மாதாந்த உதவித்தொகை வழங்கப்பட்டது. கணினி மொழிகளோடு கணிதமும் ஆங்கிலமும் கற்பிக்கப்பட்டன. தேறியவர்கள் அதே கம்பனியில் பொறியியலாளர்களோடு சமமாக அமர்ந்து வேலை செய்தனர். 2011இல் தென்காசிக்கு அருகிலுள்ள மத்தளம்பாறை என்ற கிராமத்தில் அலுவலகம் திறந்து, ஊரை விட்டுப் போகாமலே வேலை செய்யும் வாய்ப்பையும் ஸோஹோ ஏற்படுத்தியது.

எமது பிரதேசத்தில் க.பொ.த. உயர்தரம் எழுதி, பல்கலைக்கழக அனுமதி கிடைக்காமல் நிற்கும் பிள்ளைகள் ஆண்டுதோறும் எத்தனை பேர்! அவர்களில் ஒருவரை எடுத்து, கணக்கு வைத்தல், கணினியில் இருப்பைப் பதிதல், கொள்வனவு செய்தல் ஆகியவற்றை ஒழுங்காகக் கற்றுக் கொடுத்தால் அவர் வெறும் "கடைப் பொடியன்" அல்ல, நாளைய முகாமையாளர்.

எப்படி மதிப்பிடுவது?

மைக்ரோசொப்ட் கம்பனியில் நீண்டகாலம் ஒரு நடைமுறை இருந்தது. ஒவ்வொரு குழுத் தலைவரும் தன் கீழ் வேலை செய்வோரை வரிசைப்படுத்த வேண்டும். இத்தனை வீதத்தினர் மிகச் சிறந்தவர், இத்தனை வீதத்தினர் நடுத்தரம், இத்தனை வீதத்தினர் மோசம் என்று முன்கூட்டியே அளவு குறிக்கப்பட்டிருந்தது. குழுவிலுள்ள எல்லோருமே நன்றாக உழைத்திருந்தாலும் யாராவது ஒருவர் கடைசி வரிசைக்குத் தள்ளப்பட வேண்டும்.

விளைவு என்ன? திறமைசாலிகள் பிற திறமைசாலிகளோடு ஒரே குழுவில் சேரத் தயங்கினர். பக்கத்து மேசைக்காரருக்கு உதவினால் தனது இடம் பறிபோகும் என்று அஞ்சித் தகவல்களை மறைத்தனர். போட்டிக் கம்பனியோடு நடக்க வேண்டிய போட்டி வீட்டுக்குள்ளேயே நடந்தது. 2012இல் ஓர் அமெரிக்கச் சஞ்சிகை இதை விரிவாக வெளிப்படுத்தியது. 2013 நவம்பரில் மைக்ரோசொப்ட் இம்முறையைக் கைவிட்டது. அதன் பின்னர் ஊழியர் மதிப்பீட்டில், ஒருவர் சக ஊழியருக்கு எவ்வளவு உதவினார் என்பதும் கவனிக்கப்படலாயிற்று.

ஒரு கடையில் இரண்டு விற்பனையாளர்களை எந்நேரமும் ஒப்பிட்டு, ஒருவனை மற்றவன் முன்னிலையில் மட்டந்தட்டும் வழக்கமும் இதே வகையைச் சேர்ந்ததுதான். எந்தத் துணி எந்தத் தட்டில் இருக்கிறது என்பதைக்கூட ஒருவன் மற்றவனுக்குச் சொல்லமாட்டான். இறுதியில் வெறுங்கையோடு திரும்பிப் போவது வாடிக்கையாளர்.

எப்படி மேற்பார்வை செய்வது?

கூகுள் கம்பனி 2009இல் ஓர் ஆய்வைத் தொடங்கியது. நல்ல மேலதிகாரியின் குணங்கள் எவை என்பதே கேள்வி. ஊழியர்களின் கருத்துக்களையும் மதிப்பீடுகளையும் திரட்டிப் பகுத்தபோது எட்டுப் பண்புகள் கிடைத்தன. கணினி அறிவு முதலிடத்தில் இருக்கும் என்று பலர் எதிர்பார்த்தனர். அது வந்ததோ எட்டாவது இடத்தில். பொறுமையாகக் கற்றுக் கொடுப்பது முதலிடம் பெற்றது. எல்லாவற்றிலும் தலையிடாமல் பொறுப்பை ஒப்படைப்பது, ஊழியரின் நலனில் அக்கறை காட்டுவது ஆகியவை அடுத்து வந்தன.

இதற்காக இக்கம்பனிகள் எல்லாவற்றிலும் முன்மாதிரி என்று எண்ணிவிடக் கூடாது. 2023 ஜனவரியில் கூகுள் 12,000 பேரையும் மைக்ரோசொப்ட் 10,000 பேரையும் வேலையிலிருந்து குறைப்பதாக அறிவித்தன. கூகுள் ஊழியர் பலர் தமது வேலை போன செய்தியை மின்னஞ்சலில்தான் அறிந்தனர். இலவச உணவும் அழகான அலுவலகமும் வேலைப் பாதுகாப்பு ஆகிவிடுவதில்லை.

என்ன கொடுப்பது?

இங்கே நாம் வெளிநாட்டுக் கம்பனிகளைப் பார்க்க வேண்டியதில்லை. நமது நாட்டுச் சட்டமே வழி சொல்கிறது. 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின்படி வேலை நேரம் நாளொன்றுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45 மணித்தியாலம். அதற்கு மேற்பட்ட நேரத்துக்கு ஒன்றரை மடங்கு கொடுப்பனவு உண்டு. பெருநாள் வியாபாரம் சூடுபிடிக்கும் நாட்களுக்கும் இந்தக் கணக்கு பொருந்தும்.

ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியர் 8 வீதமும் முதலாளி 12 வீதமும், ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளி 3 வீதமும் செலுத்த வேண்டும். 40,000 ரூபா சம்பளம் பெறுபவரை எடுத்துக் கொள்வோம். அவரிடமிருந்து 3,200 ரூபா, முதலாளியிடமிருந்து 4,800 மற்றும் 1,200 ரூபா என மாதம் 9,200 ரூபா அவரது பெயரில் சேரும். ஒரேயோர் ஊழியர் இருந்தாலும் சேமலாப நிதி கட்டாயம். தாமதித்தால் காலத்துக்கேற்ப 5 முதல் 50 வீதம் வரை மேலதிகமாக அறவிடப்படும்.

15 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனங்களில் ஐந்து ஆண்டு பூர்த்தி செய்தவருக்கு, 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆண்டுக்கு அரை மாதச் சம்பளம் பணிக்கொடையாக உரியது. மேற்சொன்ன சம்பளத்தில் பத்து ஆண்டு வேலை செய்து விலகினால் அது 2 இலட்சம் ரூபா.

"இதெல்லாம் சின்னக் கடைக்குக் கட்டுப்படியாகுமா?" என்று கேட்கலாம். ஆண்டுக்கு இரண்டு முறை ஆள் மாறும்போது ஏற்படும் செலவையும் சேர்த்துக் கணக்குப் பார்த்துவிட்டு இதற்கு விடை காண்பது நல்லது. கையில் நியமனக் கடிதம், நிதியில் ஓர் இலக்கம், அடுத்த ஆண்டு என்ன பொறுப்பு என்ற தெளிவு. இந்த மூன்றும் இருக்கும் இளைஞன் கட்டார் விசா வந்தாலும் ஒரு முறை யோசிப்பான். இவை எதுவும் இல்லாதவன் யோசிப்பதற்கு என்ன இருக்கிறது?